பார்க்கப்படுகிற கண்

லா கரிமுவின் கண்கள் நீலம். ஆழம் குறைந்த கடலில் உச்சிவெயில் விழுந்தால் என்ன நீலமோ அந்த நீலம். அதில் அவருடைய உழைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் தானே இரண்டு தடவை சாயம் பூசிக் காயவைத்த மாதிரிதான் ஊருக்குள் நடமாடுவார். ஸியோம்பு தீவில் நீலக் கண்காரர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்களையெல்லாம் "வெளுத்த நீலம்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்.

தொழில் படகு. காலையில் பௌபௌ நகருக்கு ஆள் ஏற்றிப் போய் மாலையில் திரும்புவார். காமிராவோடு வருகிற வெளியூர்க்காரர்கள் அவர் படகில் ஏறினால் கடலைப் பார்க்க மாட்டார்கள், அவரைத்தான் பார்ப்பார்கள். அவரும் கடலைப் பார்க்க மாட்டார், காமிராவைத்தான் பார்ப்பார். படகு பாட்டுக்குத் தனக்குத் தெரிந்த வழியில் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டு வருஷமாக அவருக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கருவாட்டு வாசனையை வைத்துக் கரையையும், ஆள் சத்தத்தை வைத்துப் படகுத்துறையையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்து ஊர்த் துறையில் கொண்டுபோய் எல்லாரையும் இறக்கிவிட்டார். கேட்டதற்கு, "தினம் ஒரே இடத்துல இறங்கினா உங்களுக்கு அலுக்கலியா?" என்றார்.

இன்னொரு நாள் நடந்ததுதான் மோசம். இரண்டு பிள்ளைகள் சின்ன ஓடத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் படகு நேராக அவர்கள்மேல் போனது. பிள்ளைகள் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தினார்கள். படகில் இருந்தவர்களும் கத்தினார்கள். யாரோ தனக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்று நினைத்து லா கரிமுவும் ஒரு கையை எடுத்து ஆட்டினார். கடைசி நிமிஷத்தில் யாரோ பாய்ந்து சுக்கானைத் திருப்பினார்கள். ஒரு முழ இடைவெளி.

பாய்ந்தது அவர் மனைவி வா ரூஹி. நெய்த துணியைச் சந்தையில் கொடுத்துவிட்டு அதே படகில் திரும்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தீவில் பெண்கள் பெயர் 'வா' என்றுதான் தொடங்கும். ஆனால் இருபது வருஷத்தில் லா கரிமு 'வா' என்று சொல்லி அவள் வந்ததில்லை. அவள் 'போ' என்று சொல்லி இவர்தான் போயிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு நடந்தது. மகள் அனி மகாஸார் நகரில் படிக்கிறாள். வீட்டில் அவள் பெயர் அப்பாவைக் கூப்பிட மட்டும் பயன்பட்டது.

"அனி அப்பா, அந்தப் பிள்ளைங்க உங்களுக்கு வணக்கம் சொல்லலை."

"பின்னே?"

"உயிருக்குக் கத்துச்சுங்க."

லா கரிமுவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தடுக்கியது. ஆனால் வாய் நெஞ்சை முந்திக்கொண்டது. "மோட்டார் சத்தத்துல கேக்கலை. அது காதுக் கோளாறு. கண்ணு என்ன பண்ணும்?"

"டவுன்ல புதுசாக் கண்ணாடிக் கடை திறந்திருக்காங்க. ஒரு நடை போய் காட்டிட்டு வாங்களேன்."

"கண்ணாடியா? எனக்கா? ஜனங்க எங்கிருந்தெல்லாமோ கப்பல் ஏறி வந்து பாக்கிற கண்ணு இது. இதுக்கு மூடி போடச் சொல்றியா? இது என்ன ஊறுகாயா?"

"ஊறுகாய் ஆள் மேல ஏறாது."

"அடியே, என் கண்ணு பார்க்கப்படுகிற கண்ணு. பார்க்கிற கண்ணு இல்ல!"

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. எழுந்து வெளியே போய்விட்டார். வா ரூஹி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பதை இருபது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டிருக்கலாம். கற்கவில்லை.

ஒரு வாரம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை தறியில் உட்கார்ந்தபடியே அவள் சொன்னாள்: "என் தம்பிக்கு அடிச்சிருக்கு யோகம்."

அவள் தம்பி லா ஜுமா பௌபௌவில் இருக்கிறான். அவனுக்கும் நீலக் கண். குடும்பத்து நீலம் அக்காவைத் தாண்டி அவனுக்குப் போய்விட்டது. லா கரிமுவின் கணக்கில் அது வெளுத்த நீலத்திலேயே வெளுத்தது.

"என்ன யோகம்?"

"அந்தக் கண்ணாடிக் கடையில பெரிய போர்டு வைக்கப் போறாங்களாம். ரெண்டு ஆள் உயரம். அதுல ஒரு நீலக் கண் மூஞ்சி வேணுமாம், கண்ணாடி மாட்டி. சனிக்கிழமை வந்து பாருன்னு இவனைக் கூப்பிட்டிருக்காங்க."

"இவனையா? கழுவிவிட்ட சட்டிக் கலர்ல இருக்கும் அவன் கண்ணு!"

"நீங்கதான் கண்ணாடியே போட மாட்டேன்னுட்டீங்களே. அதனால உங்க பேரை நான் சொல்லலை. தயவுசெஞ்சு இதுல தலையிடாதீங்க. என் தம்பி பொழைச்சுட்டுப் போகட்டும்."

அப்போது ஆரம்பித்தது. லா கரிமுவுக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காபியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், காபியை வைத்துவிட்டு உள்ளே வந்தார். இல்லாத வலையைச் சரிபார்க்கப் போனார். ரெண்டு ஆள் உயரம்! துறைமுகத்திலிருந்து பார்த்தாலே தெரியுமே. கப்பலில் வருகிறவன் முதலில் பார்க்கப்போவது ஜுமாவின் சட்டிக் கண்ணையா? தீவின் மானம் என்ன ஆவது?

புதன்கிழமை காலையில் முகம் கழுவும் தொட்டிக்குள் குனிந்து தன் கண்ணைத் தானே பார்த்தார். கலங்கலாகத் தெரிந்தது. தண்ணீர்தான் கலங்கல் என்று முடிவுகட்டினார்.

வியாழக்கிழமை, "என்ஜின் எண்ணெய் வாங்கணும், வர லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நல்ல சட்டை போட்டிருந்தார். என்ஜின் எண்ணெய்க்கு எதற்கு நல்ல சட்டை என்று வா ரூஹி கேட்கவில்லை. பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்ததைச் சரிசெய்து அனுப்பினாள்.

கடைக்காரி மர்லினா ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்துச் சங்கிலியில் ஒன்று, தலைமேல் ஒன்று என இரண்டு கண்ணாடி. லா கரிமு நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"போர்டுக்கு ஆள் தேடுறீங்களாம். சனிக்கிழமை ஒருத்தன் வருவான். நான் அவனோட மச்சான். சொல்லக் கூடாது, ஆனா அவன் கண்ணு வெயில் பட்டா சாயம் போயிடும்."

மர்லினா அவர் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரசிக்கிறாள் என்று நினைத்தார்.

"ஆஹா. இது கண்ணு! உட்காருங்க ஐயா. முதல்ல அந்த எழுத்தைப் படிங்க."

"எழுத்து எதுக்கு?"

"போட்டோவுக்குப் பார்வை எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியணுமில்ல?"

நியாயமாகப் பட்டது. சுவரில் எழுத்து எதுவும் இல்லை, எறும்பு வரிசைதான் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு வில்லையை வைத்தாள். எறும்புகள் கொழுத்தன. இன்னொன்றை வைத்தாள். எறும்புகளெல்லாம் எழுத்தாகிவிட்டன. கடைசி வரியில் ரொம்பச் சின்னதாக ஒரு எழுத்து கால் விரித்து நின்றுகொண்டிருந்தது.

அப்புறம் பிரேம். இங்கேதான் லா கரிமு தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெண்பிள்ளையிடம் பாடம் கேட்டார்.

கறுப்பு மாட்டினாள். "வேண்டாம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால கண்ணை அடைச்சு வச்ச மாதிரி இருக்கு." நீலம் மாட்டினாள். "பாத்தீங்களா, பிரேமும் கண்ணும் சண்டை போடுது. ரெண்டுல ஒண்ணு தோக்கணும், தோக்கிறது கண்ணு." தங்கக் கம்பி அவரை ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியராக ஆக்கியது. பச்சையைப் பார்த்ததும் அவரே, "இதை ஜுமாவுக்கு எடுத்து வைங்க" என்றார்.

கடைசியில் தேன் கலந்த பழுப்பில், ஆமையோட்டில் இருப்பதுபோல் திட்டுத் திட்டாக ஒன்று எடுத்தாள். மாட்டியதும் அவளே ஒரு எட்டுப் பின்னால் போனாள். பழுப்புக்கு நடுவே நீலம் குபுக்கென்று எரிந்தது.

"பழுப்புப் பக்கத்துல வச்சாத்தான் நீலம் நீலமாத் தெரியும் ஐயா. நீலத்துக்கு வேற நீலம் துணை இல்ல."

லா கரிமுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் தன்னை அவ்வளவு துல்லியமாகப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

"போட்டோ எப்போ?"

"இப்போ எடுத்தா ஒட்டவச்ச மாதிரி இருக்கும். பொறக்கும்போதே இதோட பொறந்த மாதிரி இருக்கணும். நாப்பது நாள் போடுங்க. காலையில எழுந்ததிலேருந்து. முக்கியமாப் படகு ஓட்டும்போது கழட்டவே கூடாது. கடல் வெளிச்சம் பட்டாத்தான் முகத்துக்குப் பழகும்."

வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "ஜுமாவுக்கு வேற வேலை பாக்கச் சொல்லு" என்றார்.

வா ரூஹி அவரைப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி மனுஷா! என் தம்பி வாயில மண்ணைப் போட்டுட்டீங்களே! இனி அவன் முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ரொம்ப நேரம் குலுங்கியது. அழட்டும் என்று விட்டுவிட்டார். ஜுமாவின் போன் வந்தால் எடுப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

நாற்பது நாள் என்பது படகு ஓட்டுகிறவனுக்குச் சின்ன விஷயம், போர்டில் ஏறப்போகிறவனுக்குப் பெரிய விஷயம். ஒரு நாளைக்கு நான்கு தடவை தேதி பார்த்தார். சாப்பிடும்போது கால் ஆடியது, தூங்கும்போதும் ஆடியது. போர்டில் சிரிப்பதா, சிரிக்காமல் கம்பீரமாக இருப்பதா என்று பயணிகளிடம் வாக்கெடுப்பு நடத்தினார்.

இதற்கு நடுவில் அவருக்குத் தெரியாமலேயே ஒன்று நடந்துகொண்டிருந்தது. படகுத்துறைக்கு எத்தனை கால் என்று தெரிந்தது. அலைக்கு அடியில் பாறை எங்கே கிடக்கிறது என்று தெரிந்தது. அந்த இரண்டு பிள்ளைகளின் ஓடம் அரை மைல் தூரத்திலேயே தெரிந்தது. இந்தத் தடவை அவர் படகை ஒதுக்கிக்கொண்டு கையை ஆட்டினார். பிள்ளைகள் முதலில் ஓடத்துக்குள் படுத்துக்கொண்டார்கள். அப்புறம் எழுந்து ஆட்டினார்கள். பெரியவனுக்கு முன்பல் இல்லை. அன்று வீடு வரும்வரை லா கரிமு யாரிடமும் போர்டைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு காலை வா ரூஹி கசோஆமி அவித்துக்கொண்டிருந்தாள். மரவள்ளி மாவுக் கூம்பிலிருந்து ஆவி கிளம்பியது. வெயில் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் விழுந்திருந்தது. லா கரிமு வாயைத் திறந்தபடி நின்றார்.

"என்ன?"

"உன் கண்ணு..."

"கண்ணுக்கு என்ன? தூசியா?"

"கறுப்புன்னுல்ல நெனைச்சேன். இது பனைவெல்லக் கலரு. ஓரத்துல ஒரு வளையம் வேற இருக்கு. எப்போலேருந்து இப்படி?"

"பொறந்ததிலேருந்து."

"சொல்லவே இல்லையே?"

"நம்ம வீட்டுல கண்ணைப் பத்திப் பேச எனக்கு முறை வந்தாத்தானே?" என்றாள். ஆனால் கூம்பைத் தட்டில் கவிழ்க்கும்போது கசோஆமி உடைந்தது. உடைந்ததை அவரே எடுத்துக்கொண்டார்.

நாற்பதாம் நாள் அதிகாலையிலேயே எழுந்து எண்ணெய் தடவித் தலை வாரிப் பௌபௌவுக்குப் போனார். கடை வாசலில் போர்டு ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது. ரெண்டு ஆள் உயரம்தான். அதில் கடைப் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே ஒரு கண்ணாடி படம். மூஞ்சி இல்லை. நீலமும் இல்லை. போர்டே பச்சை.

மர்லினா உள்ளே யாருக்கோ எழுத்து படிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் அவசரமாகப் பின்னறைக்குப் போனாள். லா கரிமு தெருவில் நின்றார். எதிர்க் காபிக் கடையிலிருந்து லா ஜுமா ஓடிவந்தான்.

"மச்சான்! ஒன்றரை மாசமா போனே எடுக்கலையே, என்ன கோபம்? அட, கண்ணாடி ஜோரா இருக்கே!"

"நடிக்காதடா. போர்டுல உன்னைப் போடுறேன்னாங்கல்ல?"

"எந்தப் போர்டு?"

அவன் முகம் வெறுமையாக இருந்தது. அவ்வளவு வெறுமையாக நடிக்க ஜுமாவுக்கு வராது. அவன் கண்ணும் நல்ல நீலமாகவே இருந்தது என்பது அந்த நேரத்தில் லா கரிமுவை இன்னும் எரிச்சல்படுத்தியது.

திரும்பும்போது படகு பறந்தது. ஏறிய பயணிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நேரே வீட்டுக்குப் போனார்.

"போர்டு எங்கடி?"

வா ரூஹி தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "பாத்துட்டீங்களா?"

"நாப்பது நாள்! ஊர் பூரா சொல்லிவச்சேன்! சிரிக்கவா வேண்டாமான்னு ஓட்டுப் போட்டாங்கடி!"

"எதுக்கு அதிகம் விழுந்துச்சு?"

"சிரிக்க வேண்டாம்னு... அதை விடு! நீயும் அந்தக் கடைக்காரியும் சேர்ந்து..."

"நான் போடுங்கன்னு சொன்னேன். ஊறுகாயான்னு கேட்டீங்க. அந்தப் பிள்ளைங்க அம்மா முகத்துல நான் தினம் முழிக்கணும், அனி அப்பா. அடுத்த பெருநாளைக்கு உங்களுக்குப் புதுச் சட்டை கிடையாது. அந்தக் காசுதான் உங்க மூக்கு மேல உக்காந்திருக்கு."

லா கரிமு கண்ணாடியைக் கழற்றி எறிய ஓங்கினார். பிரேம் அழகாக இருந்தது. பாயின் மேல் மெத்தென்று வைத்தார். "இனி இந்த வீட்டுல இருந்தா நான் லா கரிமு இல்ல! என் படகு இருக்கு, கடல் இருக்கு!" என்று துறைக்கு நடந்தார். வரிசையில் கடைசியாக நின்ற படகில் குதித்தார். என்ஜின் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

"மாமா," என்றது ஒரு குரல். மங்கலாக ஒரு உருவம். "இது என் படகு. நான் லா புடி."

துறையில் ஊரே நின்றது. மங்கலாகத் தெரிந்தாலும் ஊர் ஊர்தானே. லா கரிமு கயிற்றை விடவில்லை.

"தெரியும்டா. உன்கூட வரத்தான் ஏறினேன்."

"நாங்க மீன் பிடிக்கப் போறோம் மாமா. திரும்பி வர மூணு நாளாகும்."

"ஆகட்டுமே!"

படகு நகரும் நேரத்தில் துறைப் பலகை தடதடத்தது. வா ரூஹி ஒரு மூட்டையை நீட்டினாள். முறைப்பாக வாங்கிப் பிரித்தார். மேலே கண்ணாடி. மாட்டினார். கீழே மாற்றுக் கைலி, துண்டு, சவரக் கத்தி, வாழையிலையில் கட்டிய ஆறு கசோஆமிக் கூம்பு, வறுத்த மீன், அவருடைய தலைவலித் தைலம். ஒவ்வொன்றும் அழகாக மடித்து, முடிச்சுப் போட்டு இருந்தது.

லா கரிமு நிமிர்ந்தார். அவள் தெளிவாகத் தெரிந்தாள். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை.

"இவ்வளவையும் எப்படி அதுக்குள்ள கட்டினே?"

"காலையில நீங்க தலை வாரிட்டிருந்தப்பவே கட்டிட்டேன்," என்றாள் வா ரூஹி. "கோவிச்சுக்கிட்டு எந்தப் படகுல ஏறுவீங்கங்கிறதுதான் தெரியாம இருந்துச்சு."