நூற்றிருபது குதிரையும் எங்கள் தெரு மேடும்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக ஒரு முடிவை நானே எடுத்தேன். பழைய காரைத் தள்ளிவிட்டு, நூற்றிருபது குதிரைத்திறன் கார் வாங்கியே தீருவது!

அது கார் இல்லை சார், என் மானம். எங்கள் மேனேஜர் பீற்றிக்கொள்ளும் வண்டிக்கே தொண்ணூறுதான்.

விற்பவர் ஒருநாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். வண்டியோடு வந்த விளம்பரத் தாளை மனைவியிடம் நீட்டினேன். வெங்காயம் நறுக்கியபடியே படித்தாள்.

"என்னங்க, நூற்றிருபது குதிரை, ஆறாயிரத்து ஐந்நூறு ஆர்.பி.எம்.லன்னு போட்டிருக்கே?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"இந்த ஜாடி மூடியைத் திருகுற பலம் டார்க். நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கறது ஆர்.பி.எம். ரெண்டும் சேர்ந்தாத்தான் குதிரைத்திறன். இன்ஜின் வேகமா சுத்தினாத்தான் உங்க குதிரையெல்லாம் எழுந்திருக்கும். நீங்கதான் ஆர்.பி.எம். முள்ளு ரெண்டாயிரத்தைத் தொட்டாலே பெட்ரோல் போச்சேன்னு கியரை மாத்திடுவீங்களே!"

உண்மைதான். என் வலது காலுக்கு ஆக்சிலரேட்டரைத் தடவித்தான் பழக்கம். அதற்காக ஒப்புக்கொள்ள முடியுமா?

"நம்ம தெரு மேட்டுல ஏத்திக் காட்டட்டுமா?"

"எங்கம்மா, ரெண்டு அக்கா, நான், எல்லாரையும் வச்சுக்கிட்டு. நிக்காம ஏறினா வண்டி உங்களுது. நின்னா நான் சொல்றதைக் கேக்கணும்."

"பந்தயம்!"

முதல் கியரில் கிளம்பினேன். இன்ஜின் உறுமியது. முள் ரெண்டாயிரத்தைத் தொட்டது. ஐயோ, பெட்ரோல்! கை தன்னால் போய் இரண்டாவது கியர் போட்டது. பழக்கதோஷம், மூன்றாவதும் போட்டது. பாதி மேட்டில் வண்டி குலுங்கியது, இருமியது, நின்றே போனது.

"மாப்ள, நாங்க வேணா இறங்கித் தள்ளட்டுமா?" என்றார் மாமியார். அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் வலித்தது.

"சரி, தோத்துட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்துடறேன், போதுமா?"

"யாரு கொடுக்கச் சொன்னா? இப்படித் தள்ளி உக்காருங்க."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். முதல் கியரை மாற்றவே இல்லை. முள் நாலாயிரம், ஐயாயிரம் என்று ஏற, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மேட்டு உச்சியில் இருந்தோம். பின்சீட்டில் அக்காமார் கைதட்டினார்கள்.

"அருமையான வண்டிங்க. பழசைக் கொடுத்துட்டு இதையே வாங்கிடுவோம். ஆனா நான்தான் ஓட்டுவேன். பந்தயம் ஞாபகமிருக்குல்ல?"

மறுவாரம் ஆபீஸ் வாசலில் மேனேஜர் பிடித்துக்கொண்டார். "என்னய்யா, புதுக் காராமே! எத்தனை குதிரை?"

"நூற்றிருபது சார்" என்றேன், பஸ்ஸிலிருந்து இறங்கியபடி.