செண்பகத்தோப்பில் ஒரு புது இனம்

எதையாவது கண்டுபிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் பல்வலி மாதிரி. அடுத்தவரிடம் சொல்லும்வரை உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது. சொல்லாமல் பொறுத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தவர்கள் விஞ்ஞானி ஆனார்கள். நான் அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு பேரிடம் சொல்லியிருந்தேன். (பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாளையும் சேர்த்து.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். தற்காலிகம். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், "உங்களை மறுபடி எடுத்துக்கொள்கிறோம்" என்ற கடிதம் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. பிரின்சிபால் மேடம் எதிரில் வரும்போது சிரிக்காமல் போய்விட்டால், அன்று முழுக்க என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அவருக்குப் பல்லில் ஏதோ வைத்தியம் நடக்கிறது, அதனால்தான் சிரிப்பதில்லை என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், மாணவிகளைக் கூட்டிக்கொண்டு செண்பகத்தோப்புக்குக் காளான் பார்க்கப் போனேன். மாந்தோப்புகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஓடை உண்டு. பிள்ளைகள் மட்கிய மரங்களைப் புரட்டிக் காளான் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடைக்கரைப் பாறையில் அதைப் பார்த்தேன். இரண்டு கை அகலம். ஓரமெல்லாம் சின்னச் சின்ன மடலாகச் சுருண்டு, பொன்னை உருக்கி ஊற்றியதுபோல மஞ்சள் நிறத்தில் ஒரு லைக்கன்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து பாறையிலும் மரப்பட்டையிலும் கூட்டுக் குடித்தனம் நடத்துகிற ஒரு உயிர். பிரியாணியில் போடுகிற கல்பாசி அந்தக் குடும்பம்தான். அந்த மலையடிவாரத்தில் பாறைக்குப் பாறை சாம்பல் நிறத்தில் அப்பிக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்த மஞ்சளை நான் அங்கே பார்த்ததே இல்லை. புத்தகங்களைப் புரட்டினேன். அந்த நிறம் இருந்தால் அந்த வடிவம் இல்லை, அந்த வடிவம் இருந்தால் அந்த நிறம் இல்லை.

அம்மா அப்போது பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலையில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பாசியவா கண்டுபிடிச்ச" என்றாள். "நம்ம தண்ணித் தொட்டியில எம்புட்டுக் கெடக்கு. ஒரு நாளாச்சும் எறங்கித் தேச்சிருப்பியாட்டி நீ?"

வீட்டில் மதிப்பில்லை என்றதும், சென்னையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். லைக்கனைத் தவிர வேறு எதையும் தன் வாழ்நாளில் ஏறெடுத்துப் பார்க்காதவர் என்று பேர். மறுநாளே பதில் வந்தது. அதன்மேல் ஒரு சொட்டுக் காரக் கரைசல் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். லைக்கனை அடையாளம் காண எல்லாரும் செய்கிற சோதனைதான் அது. ஆய்வகத்திலிருந்து சின்னப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் ஒரு சொட்டு விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தச் சிவப்பாக மாறியது. அவசரத்தில் எடுத்த நாலு படத்தில் மூன்று வீண்.

பேராசிரியர் இந்தத் தடவை போனிலேயே கூப்பிட்டார். "அம்மா, அதைச் சுரண்டிடாதீங்க. ஒரே இடத்துலதான் இருக்குன்னா தொடவே வேணாம். நானே வரேன்."

இதை நான் பிரின்சிபால் மேடத்திடம் போய்ச் சொன்னேன். (இங்கேதான் என் தலையெழுத்து மாறியது.) அந்த வருஷம் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வர இருந்தது. மேடம் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோமதி, இது மட்டும் புது இனம்னு ஆகட்டும். உங்க போஸ்ட்டைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி மேனேஜ்மென்ட்ல நானே பேசுறேன்" என்றார். வைத்தியம் முடிந்திருந்தது போல, முழுப் பல்லும் தெரியச் சிரித்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. யாராவது அந்தப் பாறையில் ஏறி மிதித்துவிட்டால்? ஆடு நக்கிவிட்டால்? வாரத்தில் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அது அங்கேயே இருந்தது. சில நாள் கொஞ்சம் வெளிறி, சில நாள் பளிச்சென்று. வெயிலுக்கு ஏற்ப நிறம் மாறுகிறது போலும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

பேராசிரியர் வந்து இறங்கிய அன்று, காலை எட்டு மணிக்கே நான் முன்னால் போய்விட்டேன். அவரையும் மேடத்தையும் கூட்டிக்கொண்டு கார் பின்னால் வரும். வனத்துறைக் காவலர் முனியாண்டி செக்போஸ்டில் காத்திருந்து அவர்களை அழைத்து வருவார். பாறையைச் சுற்றிக் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வைப்போமே என்று நினைத்து ஓடைக்கு நடந்தேன்.

பாறைப் பக்கத்தில் ஐம்பது வயது அம்மாள் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டியிருந்தார். என் புது இனத்தின்மேல் தண்ணீரைத் தெளித்து, எதையோ வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, யக்கா, அதத் தொடாதீக" என்று ஓடினேன்.

"ஏன் தாயி, பாம்பு கீம்பு கெடக்கா?" என்று அவர் காலைத் தூக்கிக்கொண்டார். கையில் இருந்தது மஞ்சள் கிழங்கு.

"இந்தக் கல்லுல ஏன் ஒரசுறீக?"

"தோப்பு வேலைக்கு வாரவுக எல்லாரும் இங்ஙனதான் குளிப்போம். மத்த கல்லு வழுக்கிட்டுப் போயிரும். இதுலதான் சொரசொரன்னு பாசி புடிச்சுக் கெடக்கு, நல்லா ஒரசும்."

"எம்புட்டு நாளா?"

"நான் வாக்கப்பட்டு வந்த நாளா இந்தக் கல்லுதான்."

சாதாரணச் சாம்பல் நிற லைக்கன். அதன் மடல் மடலாக இருந்த சுருக்கங்களுக்குள் வருஷக் கணக்காக மஞ்சள் விழுது இறங்கிக் காய்ந்திருக்கிறது. சோப்பைத் தவிர வேறு எதையும் கண்டிராத எனக்கு அது தெரியவில்லை. ஆனாலும் மனசு கடைசிக் கொம்பைப் பிடித்துத் தொங்கியது. நிறம் மாறியதே. அது பொய்யாகுமா?

"யக்கா, மஞ்சள் எதுவும் பட்டுச் செவக்குமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுண்ணாம்பு பட்டாச் செவக்கும். ஆரத்தி கரைச்சுப் பாத்ததில்லையா தாயி நீ? என்ன படிக்க?"

படிக்கவில்லை, படிப்பிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சுண்ணாம்பும் காரம், நான் பாட்டிலில் கொண்டுவந்ததும் காரம். முதுகலைப் பட்டம் வாங்கிய நான், காட்டுக்குள் வந்து பாறைக்கு ஆரத்தி கரைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கார் ஹாரன் கேட்டது.

"யக்கா, செத்த நேரம் அந்தப் பக்கம் போயிருங்க. பெரியவுக வாராக."

"போலீசா?"

"புரொபசர்."

போலீசைவிட மோசம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, சேலையை அள்ளிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து, "சார், தப்பு நடந்துபோச்சு" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் என்ன செய்தேன் என்றால், அவர்களை மேட்டுப் பாதையில் மறித்துக்கொண்டு, "சார், இன்னிக்கு வேண்டாம், யானை நடமாட்டம் இருக்கு" என்றேன்.

பேராசிரியருக்கு எழுபதை நெருங்கிய வயது. கழுத்தில் லென்ஸ், கையில் தடி. "யானையா?" என்று முனியாண்டியைப் பார்த்தார்.

"யானையெல்லாம் மேல ஏறி ஒரு வாரம் ஆச்சுங்க. நேத்துக்கூட இந்தக் கோமதி மேடத்துக்கிட்டச் சொன்னேனே" என்றார் முனியாண்டி.

"கோமதிக்கு டென்ஷன்" என்றார் மேடம் பெருமையாக. அவர் கையில் போன் இருந்தது. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில், 'நம் கல்லூரியின் பெருமை' என்று போட்டு, நான் அந்தப் பாறை அருகே நிற்கும் பழைய படத்தைக் காலையிலேயே ஏற்றியிருந்தார். எழுபத்தெட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

பிறகு ரத்தம் உறிஞ்சுகிற அட்டை இருக்கிறது என்றேன். வழியில் உள்ள சாதாரண லைக்கன்களையெல்லாம் காட்டி, இது என்ன சார், அது என்ன சார் என்று இழுத்தேன். அவர் சலிக்காமல் ஒவ்வொன்றின் முன்னும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துப் பதில் சொன்னார். ஒரு ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றார். அப்படியே திரும்பிவிடுவாரா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். கடவுளே, வயசானவருக்கு மூச்சு வாங்குவதில் சந்தோஷப்பட்டவள் நான்.

பாறை முன்னால் அவர் மண்டியிட்டார். அப்போதுதான் உரசியிருந்ததால் அது என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பளபளத்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விட்டார். சிவந்தது. மேடம் வீடியோ எடுத்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா இந்த மலையில சுத்தியிருக்கேன்மா. இதை நான் பாக்கவே இல்ல. இனிமே புதுசா எதையும் பாக்க மாட்டேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். உங்க பேரையே வச்சிடலாம். பெண் பேர்னா லத்தீன்ல முடிவு மாறும். கோமதியே."

கோமதியே என்று அதுவரை என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அதுவும் கண் கலங்கி. என் வேலை, கோடைக் கடிதம், பெர்மனென்ட் எல்லாம் நினைவுக்கு வந்தது. அதையும் மீறி அவருடைய அந்த ஈரக் கண்ணைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சார்" என்றேன். "அது மஞ்சள்."

"ஆமாம்மா. என்ன அருமையான மஞ்சள்."

"இல்ல சார். மஞ்சள்."

"அதான் சொல்றேன். இந்த மஞ்சளை நான் எந்த மலையிலயும் பாத்ததில்ல."

"குளிக்கிற மஞ்சள் சார். கிழங்கு. பொம்பளைங்க இங்க உரசிக் குளிக்கிறாங்க."

முனியாண்டிதான் முதலில் பேசினார். "நானும் நெனச்சேன் மேடம், ஆரத்தி கணக்கா இருக்கேன்னு. படிச்சவுக ஏதோ செய்யுதாகன்னு சொல்லல."

பேராசிரியர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து பாறையில் ஊற்றி, பையில் இருந்த சின்னப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தார். மஞ்சள் கரைந்து ஓட, அடியில் சாம்பல் நிறம் வந்தது. "நம்ம பழைய ஆள்தான்" என்றார். மரத்துக்குப் பின்னாலிருந்த அம்மாளும் இதற்குள் எட்டிப் பார்த்து, "கல்லக் கழுவவா இம்புட்டுத் தூரம் வந்தாக" என்று முனியாண்டியிடம் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. மேடம் போனில் வேகமாக எதையோ அழித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று பேராசிரியர் என்னைக் கேட்டார்.

"இன்னிக்குக் காலையில சார்."

"யானைன்னு சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும் சார்."

தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே தெரிஞ்ச உடனே சொல்லிடுங்கம்மா. எனக்கு முட்டி வலி. அந்த ஏத்தம் ஏறியிருக்க மாட்டேன்" என்றார். செக்போஸ்ட் வரைக்கும் இறங்கும்போது என் தோளைத்தான் பிடித்துக்கொண்டார். கார் ஏறும்போது, "எங்க வீட்லயும் எத்தனையோ ஆரத்தி எடுத்திருக்காங்க. எனக்கும்தான் தோணல" என்று மெல்லச் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார் என்று எனக்குப் புரிய வீடு வந்து சேரும்வரை ஆயிற்று. அதற்குள் முனியாண்டி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்.

அந்தக் கோடையில் கடிதம் வரவில்லை. இப்போது ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் காரமும் அமிலமும் நடத்தும்போது மஞ்சள் சோதனையை மட்டும் நான் செய்து காட்டுவதில்லை, பிள்ளைகளையே செய்யச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னபோது, அம்மா பாதியிலேயே சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய் ஒரு தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டு வந்து, "கண்ணு பட்டிருச்சுட்டி ஒனக்கு" என்று என்னைச் சுற்றித் தெருவில் ஊற்றினாள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தக் கதையைச் சொன்னதும் அவள்தான். மாமியாருக்கு அது ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது.

போன மாதம் நாத்தனார் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, மாமியார் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி கோமதி, பிள்ளை வெயில்ல நிக்கா. அந்தக் கோமதியேயக் கரைச்சு வெரசாக் கொண்டா."