மடங்கிய மேசையும் மடங்காத பலகையும்

எதையும் அளந்து செய்கிறவனை ஊர் நம்பிவிடுகிறது. அதைவிடக் கெடுதல், அவனே தன்னை நம்பிவிடுகிறான். அளக்காமல் செய்கிறவன் தப்புச் செய்தாலும் பயந்து பயந்து, சின்னதாகச் செய்வான். அளந்தவன் செய்யும் தப்பு இருக்கிறதே, அது கோணல் இல்லாமல், ஆட்டம் இல்லாமல், பத்துப் பேர் பார்க்கும்படி உறுதியாக நிற்கும். என்னுடையது முதல்தரத் தேக்கில் நின்றது.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஓசூரில் குடியிருந்தேன். இன்றைய ஓசூரை மனதில் வைத்துப் படிக்காதீர்கள். அன்றைக்கு அது சேலம் ஜில்லாவின் ஓரத்தில் கிடந்த சின்ன ஊர். பாதி வீடுகளில் கன்னடம், கால்வாசியில் தெலுங்கு, மிச்சத்தில் தமிழ். சண்டை மட்டும் எல்லா வீட்டிலும் மூன்று பாஷையிலும் நடக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய நான் ஒரு மரக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கப் பலகைகளை எண்ணியவனுக்கு, இவற்றை நாமே அறுத்தால் என்ன என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் நான் செய்த முக்காலியை ஹெட்மாஸ்டர் பாராட்டியிருந்தார் (அதில் அவர் உட்காரவில்லை). பெங்களூரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு சின்ன வட்ட ரம்ப மிஷினை எடுத்து வந்தேன். இடுப்பு உயரத்துக்கு இரும்பு மேடை, அதன் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு வட்டத் தகடு, அடியில் மோட்டார். இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்ததால் இரண்டு பேர் தூக்கினால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கணக்கு வேலையை விட்டேன். கட்டில், மேசை செய்து தரப்படும் என்று வாசலில் எழுதி மாட்டினேன்.

மிஷின் எங்கே வேண்டுமானாலும் போகும். ஆனால் கரண்ட் இருக்கும் இடத்தில்தான் ஓடும். எங்கள் தெருவில் கரண்ட் இருந்த ஒரே வீடு நஞ்சப்பாவுடையது. அதன் முன்பக்க மூலை அறையில்தான் நானும் என் மனைவி கமலாவும் வாடகைக்கு இருந்தோம். தெருவாசலிலிருந்து ஐந்தடி அகலத்தில் ஒரு நடை நேராக உள்ளே போகும். நடையின் கோடியில் நஞ்சப்பா குடும்பம். எங்கள் அறைக் கதவும் அந்த நடையில்தான் திறக்கும். அதற்கு நேர் எதிரே நஞ்சப்பாவின் தானிய அறை.

ரம்பத்தில் பலகையைத் தள்ளினால் அறுபட்ட பகுதி பின்பக்கமாக நீண்டுகொண்டே போகும். அதைத் தாங்க ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் தன் கனத்திலேயே தலை சாய்ந்து ரம்பத்தைக் கடித்துக்கொள்ளும். அறைக்குள் இடம் இல்லாததால் நான் நடையில் இரண்டு ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தேன். நஞ்சப்பா ஒருநாள் பால் செம்போடு அதில் தடுக்கி விழுந்தார். எழுந்து, பாலைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஸ்வாமி, ஒண்ணு சொல்றேன். நடை எதுக்கு? நடக்கறதுக்கு. இன்னொரு தடவை இதுல எதையாவது வச்சு வழியை அடைச்சீங்கன்னா, மிஷினும் நீங்களும் வேற வீடு பார்த்துக்குங்க, ஆயித்தா?"

ஆயிற்று என்றேன். வேறு வீடு என்றால் கரண்ட் இல்லாத வீடு. கரண்ட் இல்லாவிட்டால் என் தொழில், கைப்பிடி வைத்த ஓர் இரும்புப் பாரம், அவ்வளவுதான்.

அப்போதுதான் என் மூளையில் அந்த மேசை உதித்தது. ரம்ப மேடையின் பின் விளிம்பில் மூன்று கீல். அதில் இரண்டடிப் பலகை. அதோடு கீல் போட்டு இன்னோர் இரண்டடிப் பலகை. அடியில் மடங்கும் கால்கள். எல்லாவற்றையும் விறைப்பாகப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கொக்கி. விரித்தால் அறை வாசலைத் தாண்டி நாலடி நீளத்துக்கு நடையில் நிற்கும். கொக்கியை இழுத்தால் கால்கள் உள்ளே போகும், பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று மடியும், மேசை மிஷினோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். நடையில் ஓர் அங்குலம்கூட அடைக்காது. அன்று சாயங்காலம் அதை இருபத்திரண்டு முறை விரித்து மடக்கிப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள் கமலா. "இதையே மடக்கிக்கிட்டு இருந்தா கட்டிலை எப்ப செய்வீங்க?"

கட்டில் என்று அவள் சொன்னது நஞ்சப்பாவின் மகளுக்குச் சீராகக் கொடுக்க வேண்டிய கட்டில். எனக்கு வந்த முதல் பெரிய வேலை. பன்னிரண்டடித் தேக்குப் பலகை ஒன்றை நஞ்சப்பா தானே தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்க வேண்டும். என் அறையின் அகலமோ ஒன்பதடி. அதற்கும் வழி கண்டேன். பின்சுவர் ஜன்னலில் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டால் பலகையின் வால் சந்துப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலைப்பக்கம் ரம்பத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, எதிரே தானிய அறைக்குள் நுழைந்துகொள்ளும். அந்த அறைக் கதவு மூடி நான் பார்த்ததே இல்லை.

பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை வீடு குருபரப்பள்ளி. பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதால் அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். முதல்நாளே நஞ்சப்பா வந்து, "நாளைக்கு நடையில துரும்பு கிடக்கக் கூடாது" என்றார்.

"கிடக்காதுங்க. காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சா அரை மணியில பலகையை அறுத்துடுவேன். மேசையை மடக்க எனக்கு மூச்சு விடற நேரம் போதும்."

"நாளைக்குத்தான் அறுக்கணுமா?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றப்ப கட்டில் சட்டம் ரெண்டும் பளபளன்னு சுவர்ல சாஞ்சு நிக்க வேணாமா?"

இது அவருக்குப் பிடித்திருந்தது. அவரும் என்னைப் போல ஆசைக்குக் கட்டுப்பட்ட மனிதர்தானே.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மிஷின் ஓடியது. பலகை வெண்ணெய் போல் போயிற்று. ஒரு கண் ரம்பத்தில், ஒரு கண் பென்சில் கோட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் அறுபட்டிருக்கும். பலகை திடீரென்று நின்றது. தேக்குக்குத் திமிர் என்று நினைத்து இன்னும் பலமாகத் தள்ளினேன். உள்ளேயிருந்து நஞ்சப்பாவின் மனைவி கௌரம்மாவின் குரல் கேட்டது.

"யாரது, கதவு தட்டறது?"

கமலா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "உங்க பலகைதான் தட்டுது."

நிச்சயத்துக்குச் செய்த கஜ்ஜாயங்களை (நம் அதிரசம்தான்) குழந்தைகள் கை வைக்காமல் இருக்கத் தானிய அறையில் அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். சாவி நஞ்சப்பாவின் அரைஞாணில். நஞ்சப்பா பஸ் நிற்கும் இடத்தில். நான் தள்ளிய வேகத்தில் கதவில் முட்டிய பலகை முறுக்கிக்கொண்டு, ரம்பத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தது. இனிக் கதவைத் திறந்தாலும் அது விடாது. மோட்டார் உறுமி, முனகி, அடங்கியது. பியூஸ் போனது. வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் பாட்டும் பாதியில் நின்றது.

"பாட்டு ஏன் நின்னுபோச்சு?" என்றார் கௌரம்மா.

"ஊர் பூராவும் கரண்ட் இல்லையாம், அம்மா," என்றாள் கமலா, கண் சிமிட்டாமல்.

சந்துக்கு ஓடி ஜன்னலுக்கு வெளியே இருந்த வாலைப் பிடித்து இழுத்தேன். பலகை வரவில்லை, மிஷின்தான் என் பக்கமாக ஓர் அங்குலம் நகர்ந்தது. திரும்பி வந்து அறுத்த வாயில் ஓர் ஆப்பை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். பலகைக்குள் எங்கேயோ 'மடக்' என்றது.

"நிறுத்துங்க," என்றாள் கமலா. "கட்டில் மரம் நிச்சயத்தன்னிக்கு ரெண்டாப் பிளந்தா, அந்தம்மா உங்களை ரெண்டாப் பிளப்பாங்க."

கைரம்பத்தால் குறுக்கே வெட்டலாமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், அவள் அந்தக் கைரம்பத்தை எடுத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். மேசையையாவது மடக்கலாம் என்றால், அதனால் என்ன பயன்? மேசை மடங்கும். அதன்மேல் கிடக்கும் பன்னிரண்டடித் தேக்கு மடங்குமா? இடத்தை மிச்சம் பிடிக்க அத்தனை கீல் போட்ட நான், இடத்தை அடைப்பது மேசை அல்ல, பலகை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

பஸ் தாமதமாகி, பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். முன்னால் நஞ்சப்பா, பின்னால் சம்பந்தி வெங்கடப்பா, அவர் மனைவி, அவர்களுக்குப் பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். தட்டுகளை எண்ணினேன், பதினொன்று. நஞ்சப்பா சிரித்துக்கொண்டே நடைக்குள் வந்தவர், வயிற்றில் பலகை இடித்ததும் நின்றார். சிரிப்பை மட்டும் முகத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

"ஏனப்பா இது?" என்றார் மெதுவாக. இது என்ன என்பதற்குக் கன்னடம்.

"உங்க பொண்ணு கட்டில்," என்றேன்.

கீழே குனிந்து நுழைந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல ஆகிருதி. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"பிள்ளையைப் பெத்தவ நான். பொண்ணு வீட்டுக்குள்ள தலை குனிஞ்சு, நாலு கால்ல தவழ்ந்துதான் போகணுமா?"

திரும்பிப் போய்ப் பிறகு வரலாம் என்றால், நிச்சயத்துக்குப் படியேறியவர்கள் திரும்பினால் பேச்சே முறிந்ததாக அர்த்தம். காத்திருக்கலாம் என்றால் ராகுகாலம். நஞ்சப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் காது மட்டும் சிவந்துகொண்டே போயிற்று. அந்தக் காதில் நான் என் வீட்டையும் தொழிலையும் பார்த்தேன்.

வெங்கடப்பாவோ எதையும் கவனிக்காமல் மேசையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை போடும் பட்டறை வைத்திருந்தவர் அவர்.

"ஆட்டமே இல்லையே," என்றார். "சம்பந்தி, நேரம் போவுது. தட்டை இதுமேலயே வைப்போம். நீங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். படி தாண்டியாச்சு, உள்ளதானே நிக்கிறோம்?"

மாப்பிள்ளையின் அம்மா யோசித்தார். நிமிர்ந்தபடியே நடக்கும் காரியம் என்பதால் சம்மதித்தார். நஞ்சப்பா மட்டும் பலகைக்கு அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போனார் (பெண்ணைப் பெற்றவர், அவர் தவழலாமாம்). உள்ளேயிருந்து பெண்ணை அழைத்து வந்தார்கள். பத்தேகாலுக்கு, என் மேசைமேல், தேக்குப் பலகைக்கு இரண்டு பக்கமும் தட்டுகளைப் பரப்பி, தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். பதினொரு தட்டும் பெண் வீட்டாரின் ஏழு தட்டும் சேர்ந்து பதினெட்டு. மேசை அசையவில்லை. கௌரம்மாவின் முகம் தெளிந்தது. நஞ்சப்பாவின் காதுகூடப் பழைய நிறத்துக்கு வந்தது.

அங்கேயே நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்க வேண்டும்.

"இது மடங்கும்னு சொன்னாங்களே," என்றார் வெங்கடப்பா. "எப்படி மடங்கும்?"

வாயால்தான் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவில்லை. கீலைக் காட்டினேன். காலைக் காட்டினேன். "இந்தக் கால் எதுல நிக்குது?" என்றார். கொக்கியைக் காட்டுவதற்காகக் கையை அடியில் விட்டேன். கொக்கி என்பது இழுத்துக் காட்டினால்தான் புரியும் சாமான்.

கமலா "ஏங்க" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு நேரம் இருந்தது.

மேசை மிக அழகாக மடங்கியது. இருபத்திரண்டு முறை பழகியதை விட வேகமாக, சத்தமே இல்லாமல் மடங்கியது. சத்தம் போட்டவை தட்டுகள்தான். வெற்றிலை பறந்தது. குங்குமம் முழுவதும் வெங்கடப்பாவின் வெள்ளை வேட்டியில். தேங்காய்கள் மூன்று படியிறங்கித் தெருவுக்குப் போயின, ஆறு நடையிலேயே உருண்டன. (எண்ணினேன். அந்த நேரத்திலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.) எல்லாவற்றுக்கும் மேலே தேக்குப் பலகை மட்டும், ஒரு பக்கம் ரம்பமும் மறுபக்கம் பூட்டிய கதவும் பிடித்திருக்க, அந்தரத்தில் அசையாமல் நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா மாற்றிய தாம்பூலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "மாத்தினது மாத்தினதுதான்," என்றார். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் பிழைத்தது. நான் பிழைக்கவில்லை.

"ஸ்வாமி," என்றார் நஞ்சப்பா. "மிஷின் ஒண்ணு, நீங்க ஒண்ணு. ரெண்டும் இனிமே இந்த வீட்டுல இருக்க முடியாது."

"மிஷின் இருக்கட்டுங்க," என்றாள் கமலா. "இவரை வேணா காலி பண்ணச் சொல்லுங்க."

முதலில் சிரித்தது வெங்கடப்பா. குங்குமம் கொட்டிய வேட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தார். பிறகு, "ரெண்டையும் நானே கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி," என்றார். "என் பட்டறைக்குக் கரண்ட் இழுத்தாச்சு. பின்னாடி கொட்டகை காலியாக் கிடக்குது. பலகை எந்தப் பக்கம் போனாலும் முட்டறதுக்குச் சுவரே இல்லை."

சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து பலகையைப் பிளக்காமல் விடுவித்தோம். அந்த வாரமே குருபரப்பள்ளி கொட்டகைக்கு மாறினோம். கட்டிலை அங்கேதான் முடித்தேன். அதன்பிறகு முப்பத்தோரு வருஷம் அங்கேயே அறுத்தேன். வெங்கடப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டோம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எனக்குத்தான் முதல் அழைப்பு. ஆனால் தட்டு மாற்றும் நேரம் வந்ததும், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள ஓர் ஆளைப் போட்டுவிடுவார்கள். முதலில் மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தது. அவருக்குப் பின் அந்த உரிமை மருமகளுக்கு வந்தது. இப்போது அதற்குச் சின்னப் பெண்களுக்குள் போட்டி.

போன மாதம் கிருஷ்ணகிரியில், அன்றைக்கு என் மேசைமேல் நிச்சயமான அந்தத் தம்பதியின் பேரனுக்கு நிச்சயம். வாடகை மண்டபம், வாடகை மேசை. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, கை" என்று என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தட்டுகளை வைக்க ஆரம்பித்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். இடதுபக்கத்துக் கால் அரை அங்குலம் குட்டை.

சொன்னேன். பிடி இன்னும் இறுகியது.