சராசரிப் பொறுமை

தூக்கத்திலும் ஜனநாயகம் உண்டு என்று உலகுக்கு உணர்த்திய பெருமை, ஏற்காடு ஒண்டிக்கடைச் சந்திப்பில் ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கும் 'மலைவிழி' நிறுவனத்தையே சாரும்.

வெள்ளக்கடைப் பாதையில் எதிரே வருவது தெரியாத ஒரு வளைவு. அங்கே இவர்கள் ஒரு கம்பம் நட்டார்கள். மேலிருந்து பஸ் இறங்கினால் சென்சார் பார்க்கும். கீழிருந்து ஏறுபவருக்குச் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் பலகை: 'அமைதி வளைவு. ஹாரன் அடிக்காதீர். விளக்கு சொல்லும்.' அதுவரை மலைக்காரர்கள் அங்கே இரண்டு முறை நீளமாக ஹாரன் அடித்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்த 'அநாகரிகம்' ஒழிந்தது.

கம்பத்துக்குள் ஒரு சிறு கம்ப்யூட்டர். எஸ்டேட்டில் கூலியாட்களை வேலை வாங்கும் ரைட்டர் போல அதன் கருவிகளை மேய்க்கும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதை எழுதியவள் அங்கே வேலை பார்க்கும் ஹசீனா. வேலை இல்லாதபோது கெர்னல் கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கும். ஆழமாகத் தூங்கினால் பேட்டரி மிச்சம், எழுந்திருக்கத்தான் நேரமாகும். ஆகவே ஒவ்வொரு கருவியும் தன்னால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கம்பத்தில் கூடவே இருந்த மழைமானி பத்து நொடி. வெப்பமானியும் பத்து நொடி. பஸ்ஸைப் பார்க்கும் சென்சார் அரை நொடி. இருப்பதிலேயே பொறுமை குறைந்தவர் பேச்சைத்தான் கெர்னல் கேட்கும். ஹசீனா சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

பதினைந்தே நாளில் பேட்டரி தீர்ந்ததும், மேலாளர் பிரவீன் கூட்டம் கூட்டினார்.

"ரெண்டு பேரு பொறுமையா இருக்காங்க. ஒருத்தரோட அவசரத்துக்கு எல்லாரும் முழிச்சிக்கிட்டு இருக்கோணுமா? இது என்னங்க நியாயம்?"

"பஸ்ஸு நாலு நொடியில வளைவுக்கு வந்துருமுங்க," என்றாள் ஹசீனா.

அந்தக் கருத்தையும் மரியாதையோடு பதிவு செய்துகொண்டு, பிரவீன் சராசரி எடுக்கச் சொன்னார். ஏறக்குறைய ஏழு நொடி வந்தது. ஐந்து நொடியில் விழிக்கும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது தாராளம். ஹசீனாவின் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அந்த ஏழு நொடியைத் தன் கையாலேயே டைப் செய்தாள்.

பேட்டரி மூன்று மாதம் தாண்டியது. கேக் வெட்டினார்கள். கேக் வாய்க்குப் போகுமுன் ஹசீனாவின் போன் அடித்தது.

அவளுடைய அத்தா சாதிக் பாஷா முட்டைக்கோசு மூட்டையோடு மொபெட்டில் ஏறி வந்திருக்கிறார். விளக்கு எரியவில்லை, பலகைக்குக் கட்டுப்பட்டு ஹாரனும் அடிக்கவில்லை. திரும்பினால் எதிரே பஸ். ஒதுங்கியவர் பள்ளத்தில் விழுந்தார்; கால் முறிந்தது. பஸ் போய்விட்டது. நாற்பது நிமிடம் கழித்துத்தான் ஆள் வந்து தூக்கினார்கள்.

கட்டுப் போட்ட காலோடு அவர்தான் மகளைத் தேற்றினார். "வெளக்கு எரிஞ்சுது கண்ணு. பள்ளத்துல கெடக்கையில நல்லாத் தெரிஞ்சுது."

ஹசீனாவுக்குக் கோபம் வந்தது. பாதி பிரவீன் மேல், மீதி தன் விரல்கள் மேல்.

மறுநாள் பிரவீன் விசாரணை அறிக்கையைக் கையெழுத்துக்கு நீட்டினார். 'விளக்கு எரிந்ததா? எரிந்தது. வண்டியோட்டி ஒரு நொடி முன்னதாக வந்துவிட்டார்.'

"கணக்குல ஒருத்தர விட்டுட்டோமுங்க," என்றாள் ஹசீனா.

"ஆருங்க?"

"எங்க அத்தா. பள்ளத்துல நாப்பது நிமிசம் பொறுத்தாருங்க. அவரையுஞ் சேத்துச் சராசரி போடுங்க."

பிரவீன் கால்குலேட்டரைத் தட்டினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பத்து நிமிசத்துக்கு மேல வருதுங்க. பேட்டரி நொம்ப நாளு ஓடும்," என்றார். "அத்தாவுக்குக் கம்பெனி சார்பா நன்றி சொல்லிருங்க."