கம்பிய விடுங்க மாப்ள

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது என்ற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினாரோ தெரியாது. அவர் அன்று கொஞ்சம் யோசித்திருந்தால், கோம்பையில் என் மாமனாரின் திராட்சைத் தோட்டம் தப்பித்திருக்கும்.

எண்பதுகளின் கடைசி. நான் தேனியில் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெண் வீட்டில் தள்ளிவிட வந்த தரகர், "மாப்பிள்ளைக்கு ரேடியோ ரிப்பேரெல்லாம் அத்துப்படி" என்று ஒரு பொய்யையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தார். ரேடியோவில் நான் செய்த ஒரே ரிப்பேர், பேட்டரி மாற்றியது. (அதையும் முதலில் தலைகீழாகத்தான் போட்டேன்.) ஆனால் பெண் வீட்டார் என்னைப் பார்க்கும் பார்வை பிடித்திருந்ததால் நான் மறுக்கவில்லை.

கொடைக்கானல் மலையில் டி.வி. டவர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தேனியில் எங்களுக்குப் படம் பளிச்சென்று விழுந்தது. கோம்பை பக்கம் பள்ளத்தாக்குக்குள் போகப் போக மலை குறுக்கே நின்றுகொண்டது. மாப்பிள்ளை வரும் சந்தோஷத்தில் மாமனார் புது டி.வி. வாங்கி, சாயங்காலம் படம் பார்க்க வரும்படி தெருவுக்கே சொல்லியிருந்தார். பெட்டியைப் போட்டால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்தான் ஈசலாகப் பறந்தன.

மச்சினன் முருகேசன் ஓட்டில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பினான். "தெரியுதா?" என்று அவன் கேட்பதும், "இல்ல" என்று கீழே இருப்பவர்கள் சொல்வதுமாக மத்தியானம் போயிற்று. மாமனார் என்னைப் பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் படம் தெரியாவிட்டால் அவர் மானமும் போகும், என் ரேடியோ புகழும் போகும்.

அப்போதுதான் கொல்லைப்புறம் கண்ணில் பட்டது. ஒரு ஏக்கர் திராட்சைப் பந்தல். கல் கால்களின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. கீழே கறுத்துத் தொங்கும் குலைகள். மறுநாள் கேரளாவிலிருந்து லாரி வந்து பழம் ஏற்றப் போகிறது. எனக்குப் பழம் தெரியவில்லை. கம்பிதான் தெரிந்தது. இதைவிடப் பெரிய ஆண்டெனா ஆசியாவிலேயே கிடையாது என்று தோன்றியதும் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

டி.வி.யை முற்றத்துக்குக் கொண்டுவரச் செய்து, ஆண்டெனா ஒயரைப் பந்தல் கம்பியில் முறுக்கினேன். ஈசலுக்கு நடுவே ஒரு மூக்கு தெரிந்தது. முற்றமே எழுந்து நின்றது. முருகேசன் கம்பியைப் பிடித்து இழுத்ததும் இரண்டு கண்களும் வந்தன. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. (புரிந்ததாக நினைத்தேன்.) கம்பி தொய்ந்து கிடக்கிறது, இழுத்துக் கட்டினால் முழு ஆளும் வந்துவிடுவார்.

மூலைக் கல்லுக்குப் போகும் கம்பிகளுக்கு நடுவே கடப்பாரையைச் செருகி முறுக்க ஆரம்பித்தேன். மாமனார் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

அந்த வீட்டில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. எதுவானாலும் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி வசந்தி வழியாகத்தான் தபால் வரும். இப்போதும் ஒரு தபால் வந்தது.

"மூலக் கல்லு மழையில ஊறி ஆடிக்கிட்டு இருக்காம். அம்மா சொல்றாக" என்றாள் வசந்தி.

"ஆண்டெனாவைப் பத்தி உங்கம்மாவுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு சுற்று முறுக்கினேன். திரையில் முழு முகம் வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஐயோ, அந்தக் கைதட்டல்! ஜவுளிக் கடையில் எவ்வளவு துணி கிழித்தாலும் அப்படி ஒரு சத்தம் கேட்காது. இன்னொரு தபால் வந்தது. நான் காதில் வாங்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு சுற்று என்று கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அடுப்படிக் கதவு திறந்தது. மாமியார் முற்றத்தைத் தாண்டி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"கம்பிய விடுங்க மாப்ள."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. பயத்திலும் மரியாதையிலும் நான் உடனே விட்டுவிட்டேன்.

மெதுவாக விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கடப்பாரை விர்ரென்று சுழன்று வாழைத் தோப்புக்குள் பறந்தது. கம்பி ஒரு குலுக்குக் குலுக்கியது. மூலைக் கல் அலுத்துப்போனவர் மாதிரி மெல்லச் சாய்ந்தது. அதன் பின்னால் வரிசை வரிசையாகப் பந்தல் இறங்கி, என்னையும் மாமனாரையும் திராட்சையோடு மூடியது. யாருக்கும் அடி இல்லை. என் தலை தீபாவளி வேட்டி மட்டும் ஊதாவாகிவிட்டது.

அப்போது முற்றத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"படம் கண்ணாடி மாதிரி தெரியுதுப்பா."

உண்மைதான். எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களைத் தூக்கிவிட முருகேசன் கம்பியை உயர்த்தினான், படம் போனது. கீழே விட்டான், வந்தது. பாட்டு முடிகிறவரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள். நானும் மாமனாரும் பழத்துக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கல்லு ஆடுதுன்னு உங்களுக்கும் தெரியுமா மாமா?"

"தெரியும் மாப்ள. தல தீவாளியாச்சே, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்று சொல்லி, முகத்தில் வழிந்த சாற்றைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கேரளா லாரிக்காரர்கள், நசுங்கியது போக மிச்சத்தைத் தரையில் உட்கார்ந்தபடியே பறித்தார்கள். என்னையும் உட்கார வைத்துப் பறிக்கச் சொன்னவர் மாமியார். அதையும் நேராகத்தான் சொன்னார். அன்றோடு அந்த வீட்டில் தபால் சேவை நின்றுவிட்டது.

போன வருஷம் என் மகளுக்குத் தலை தீபாவளி. புது மாப்பிள்ளை எங்கள் தேனி வீட்டு மாடியில் டிஷ்ஷைத் திருப்பினால் படம் இன்னும் நன்றாக வரும் என்று ஸ்பேனரோடு கிளம்பினார். வேண்டாம் என்ற வார்த்தை எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ள" என்றேன்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் மாமியாருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்தார்.

"கம்பிய விடுங்க மாப்ள" என்றார்.

புது மாப்பிள்ளை ஸ்பேனரைக் கீழே வைத்தார். பழைய பயத்தில் நானும் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே விட்டுவிட்டேன்.