கொல்லிமலைக்குச் சின்னச் சக்கரம்

பழைய சைக்கிளில் புல்லுக்கட்டோடு போன நல்லக்கண்ணு, ஜாஹித்தை முந்திக்கொண்டு போனார்.

முந்தியதுகூடப் பரவாயில்லை. முந்திய பிறகு வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஜாஹித் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

"என்ன பாய், செயின் கழண்டுடுச்சா?"

"இல்லையே."

"பின்ன ஏன் காலு மட்டும் இந்தச் சுத்து சுத்துது, வண்டி நின்ன எடத்துலயே நிக்குது?"

"இது மலை ஏறுறதுக்கான செட்டிங்குங்க."

நல்லக்கண்ணு வலப்பக்கம் பார்த்தார். நடவு முடிந்த வயல். இடப்பக்கம் பார்த்தார். அங்கேயும் வயல். குடவாசலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரப்பைவிட உயரமான சமாச்சாரம் எதுவும் இல்லை.

"மலை எந்தப் பக்கம் பாய் வருது?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டுவிட்டு, புல்லுக்கட்டு ஆட ஆடப் போய்விட்டார்.

ஜாஹித்துக்கு வியர்த்தது. பாதி வெயிலால், பாதி வெட்கத்தால்.

எல்லாம் இரண்டு மாதம் முன்னால் தொடங்கியது. பாத்திரக்கடை நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்த்த தொப்பையைக் கரைக்க, ஜாஹித் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்திருந்தார். மண்சாலையிலும் தார்ச்சாலையிலும் ஓடும் என்று சொல்லிக் கடைக்காரர் தலையில் கட்டிய கிராவல் சைக்கிள் ஒன்றையும் வாங்கியிருந்தார். குழுவில் மொத்தம் ஐந்து பேர். ஐவரும் சமதரையில் பிறந்து சமதரையிலேயே தடித்தவர்கள். தலைவர் வளவன் ஒருநாள் வாட்ஸ்அப்பில், 'கொல்லிமலை போலாமா? எழுபது கொண்டை ஊசி வளைவு' என்று போட்டார். ஐந்து பேருமே யோசிக்காமல் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

பன்னிரண்டாவது வளைவில் ஜாஹித்தின் இதயம் காதுக்குள் வந்து அடித்தது. மற்றவர்கள் கண்ணில் படவில்லை. அப்போது, அடிவாரத்தில் பலாப்பழம் இறக்கிவிட்டுக் காலியாக மேலே திரும்பிக்கொண்டிருந்த வேன் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் ஒன்றுமே கேட்கவில்லை. இறங்கிவந்து பின்கதவை மட்டும் திறந்துவிட்டார்.

கடைசி வளைவுக்குச் சற்று முன்னால் இறங்கிக்கொண்ட ஜாஹித், பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றி வியர்வை தயாரித்துக்கொண்டு, மிச்சத்தை மிதித்து மேலே போய்ச் சேர்ந்தார். நண்பர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். எல்லோர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. எங்கும் பலாப்பழ வாசனை. மலையே இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் தேவலை. வர்த்தகர் சங்கம் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது. பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைத்தது. 'மலையை மிதித்த மாவீரரே!' அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜாஹித் எதிர்ச்சாரியில் இருந்த உரக்கடையை உற்றுப் பார்த்துக்கொண்டே போகப் பழகினார்.

அதையும் தாங்கியிருப்பார். அனீஸாவைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதற்கும் "ம்" என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை. பிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்தவள், அன்று தட்டில் ஒரு மீன் துண்டைக் கூடுதலாக வைத்து, "பரவால்லையே நீங்க!" என்றாள். மீன்முள்கூட இறங்கிவிட்டது. அந்தப் 'பரவால்லையே' மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இப்போது மறுபடி கொல்லிமலை என்று வளவன் அறிவித்துவிட்டார்.

"இந்தத் தடவ நானும் வரேங்க. கார்ல பின்னாடியே வந்து, நீங்க ஏறுறத என் கண்ணால பாக்கணும்," என்றாள் அனீஸா.

ஆக, நிஜமாகவே ஏறியாக வேண்டும். ஜாஹித் தஞ்சாவூர் மெக்கானிக் தங்கமணியிடம் ஓடினார்.

"பெடல்கிட்ட இருக்குல்ல, இந்தப் பல்சக்கரம், இதைச் சின்னதா மாத்திட்டா மேடு லேசா ஏறும். ஆனா சமதரையில காலு மிக்ஸி மாதிரி சுத்தும், வண்டி நகராது. பரவால்லையா பாய்?"

அந்த வார்த்தையைக் கேட்டதுமே ஜாஹித்துக்கு உடம்பு கூசியது. "மாட்டுங்க."

"நல்லவேளை வந்தீங்க. இதான் கடைசி செட்டு. ஆனா செயின் கொஞ்சம் நீளமாயிடும். நாளைக்கு வந்தீங்கன்னா வெட்டித் தரேன்."

நாளைக்கு மறுபடி தஞ்சாவூர் என்றால் அனீஸா எதற்கு என்று கேட்பாள். ஜாஹித் போகவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில், சரியாகத் தன் பிளெக்ஸுக்குக் கீழேயே, தொளதொளவென்று தொங்கிய செயின் கழன்று விழுந்தது. மேலே மாவீரர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மாவீரர் கையெல்லாம் கிரீஸோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் மேலும் கீழும் பார்த்து ஜாடை ஒப்பிட்டார்கள்.

உள்ளூர் சைக்கிள் கடையில் செயினை வெட்டச் சொன்னார். கடைக்காரர் தாராள மனசுக்காரர். கொஞ்சம் தூக்கலாகவே வெட்டிவிட்டார். இப்போது செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறவே மறுத்தது. இருக்கிறதிலேயே சின்னதில்தான் ஓடும். அதனால்தான் இன்று காலை புல்லுக்கட்டு முந்தியது.

சரி, ஏறியாவது பழகலாம் என்றால் மேட்டுக்கு எங்கே போவது? பக்கத்து ஊர் ரயில்வே மேம்பாலம்தான் கதி. ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். டிராஃபிக் போலீஸ்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"எதையாவது தொலைச்சிட்டீங்களா பாய்?"

"மானத்தைத்தாங்க" என்று சொல்ல வாயெடுத்து, "இல்லைங்க, சும்மா பயிற்சி" என்றார்.

போலீஸ்காரர் யாரிடம் சொன்னாரோ, 'பாய் கடும் பயிற்சியில் இருக்கிறார்' என்ற செய்தி அவருக்கு முன்னால் குடவாசல் போய்விட்டது. வர்த்தகர் சங்கம் இரண்டாவது பிளெக்ஸ் வைத்தது. இதில் அவர் முகம் இன்னும் பெரிது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லிமலை அடிவாரத்தில் ஐந்து சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மலை அதே இடத்தில், கொஞ்சம்கூடக் குறையாமல் நின்றது.

"ஜாஹித் பாய், நீங்க முன்னாடி போங்க," என்றார் வளவன்.

"தலைவர் இருக்கும்போது நானா? கபீர் போகட்டும்."

"எனக்கு ஷூ லேஸ் கட்டணும்," என்றார் அஹமது கபீர். "நீங்கள்லாம் போங்க, நான் மெதுவா வரேன்."

மற்ற இருவரும் டயரில் காற்று பார்த்தார்கள். விருந்து வீட்டில் முதல் பந்திக்கு உபசரிப்பதுபோல அந்த மலையை ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தார்கள்.

காரின் கண்ணாடி இறங்கியது. அனீஸா வீடியோ எடுக்க ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, பிஸ்மில்லா சொல்லிட்டு மிதிங்க!"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஜாஹித் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டார்.

"அனீஸா, ஃபோனக் கீழ வையி. போன தடவ நான் மிதிக்கல. பாதியிலயே பலாப்பழ வேன்ல ஏறித்தான் போனேன். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

ஜாஹித்துக்குக் காதுமடல் சுட்டது. நண்பர்கள் நால்வரும் தலையைக் குனிந்து தத்தம் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு கண்ணியமான மனிதர்கள், என் முகத்தைப் பார்க்கக்கூட இவர்களுக்குக் கூசுகிறதே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அனீஸா காரிலிருந்து இறங்கி வந்தாள்.

"அன்னைக்கு உங்க பனியன்ல பலாச்சுளை வாசம் அடிச்சுது. தனியா வாங்கித் தின்னுட்டு எனக்கு ஒரு சுளைகூடக் கொண்டு வரலன்னு ரெண்டு மாசமா மனசுக்குள்ள வெச்சு வெந்துக்கிட்டிருக்கேன். விஷயம் இவ்வளவுதானா?" முந்தானையால் அவர் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இப்பச் சொன்னீங்கல்ல, இதான் பரவால்லை."

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. காலி வேன் ஒன்று பலாப்பழ வாசனையோடு வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஐந்து பேரையும் பார்த்து மலர்ந்து சிரித்தார்.

"இந்தத் தடவ அஞ்சு பேரும் ஒரே நடையா வந்துடுங்க சார்! போன தடவ ஒருத்தருக்கொருத்தர் தெரியாம உங்களைத் தனித்தனியா ஏத்தி விடுறதுக்கு, என் மச்சான் வேனையும்ல கூப்பிட வேண்டியதாப் போச்சு!"