வட்டைப் பார்க்காத ஐஸ் அக்கா

பதினெட்டு வயதுப் பையன் ஷூ லேஸ் கட்டுவதை எட்ட நின்று பார்த்துவிட்டு, இவன் இருபத்தைந்து வயதில் எங்கே இருப்பான், எந்த முழங்காலை உடைத்துக்கொள்வான், யாரோடு சண்டை போட்டு யாரோடு சமாதானம் ஆவான் என்று சொல்லக்கூடியவர் அமெரிக்கா முழுவதிலும் ஒரே ஒருவர்தான். அவர் பாளையங்கோட்டைக்காரர். பருத்திப் புடவைக்கு மேல் இமயமலை ஏறுகிறவர்கள் போடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வார். தலையில் குரங்குக் குல்லா. ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களை எடை போடுவதில் ராணி. ஆனால் ஸ்கேட்டைக் காலில் மாட்டியது வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கிடையாது.

நியூ ஜெர்சி பார்சிப்பனியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எனக்கு அடுத்த தடுப்பில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் ஐஸ் அக்கா. மனிதர்கள் எப்போது போய்ச் சேருவார்கள் என்று கணிப்பது வாரநாள் வேலை. பையன்கள் எங்கே போய்ச் சேருவார்கள் என்று கணிப்பது சனி, ஞாயிறு வேலை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஏசி. ஒரு ஜூலை மாதம் அக்காவின் அபார்ட்மென்டில் அது உயிரை விட்டது. ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

"பாளையங்கோட்டை வெயிலப் பாத்தவ நானு. ஆனா அங்கன மொட்டமாடிக்காவது போலாம். இங்க ஜன்னலே தொறக்காதே தம்பி! மால்ல போய் உக்காந்தா ஏதாவது வாங்கத் தோணும். அப்பத்தான் அந்த ஐஸ் கொட்டகை கண்ணுல பட்டுச்சு. உள்ள போக டிக்கெட்டும் கெடையாது."

ஐஸ் கொட்டகை என்று அவர் சொன்னது பக்கத்திலிருந்த ஹாக்கி ரிங்க்கை. தயிர்சாதமும் மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டு போய்க் குளிர்ச்சியாக உட்கார்ந்தார். கீழே பையன்கள் ஆளுக்கொரு மட்டையோடு கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் ஏசி சரியாகிவிட்டது. அக்கா சரியாகவில்லை.

சில வருடங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரசிகர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் எழுத ஆரம்பித்தார். அப்போது எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு பையனைப் பற்றி, 'இவன் படி ஏறும்போது எப்போதும் வலது காலையே முதலில் வைக்கிறான், இடது முழங்காலில் ஏதோ இருக்கிறது, வெளியே சொல்லாமல் ஆடுகிறான்' என்று எழுதினார். அந்தத் தளமே கைகொட்டிச் சிரித்தது. அடுத்த மாதம் பையனுக்கு முழங்காலில் ஆபரேஷன்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய அணியிலிருந்து போன் வந்தது. யாரோ கிரெடிட் கார்டு மோசடிக்காரன் என்று நினைத்து அக்கா வைத்துவிட்டார். மறுபடியும் வந்தது. இந்தத் தடவை திட்டிவிட்டு வைத்தார். கடைசியில் ஈமெயில் அனுப்பித்தான் அவரை வேலைக்கு எடுக்க முடிந்தது. வாரக்கடைசிகளில் நியூ ஜெர்சி வட்டாரப் பையன்களைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும் ஸ்கவுட் வேலை.

ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வருடத்துக்கு ஒரு தடவை டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். பெரிய அணிகள் எல்லாம் முறைவைத்து, நாட்டிலுள்ள பதினெட்டு வயதுப் பையன்களிலிருந்து தங்களுக்கு வேண்டியவர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். கல்யாணச் சந்தை மாதிரிதான். ஜாதகத்துக்குப் பதிலாக ஸ்கவுட்டுகள்.

பனியில் வண்டி ஓட்ட அக்காவுக்குப் பயம். நானோ இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். ஆகவே குளிர்காலம் முழுக்க நான்தான் சாரதி.

"காய் வாங்கிட்டு வாங்கன்னா ஒரே ஸ்னோ, டிரைவ் பண்ண முடியாதுங்கறீங்க. ஹாக்கிக்குப் போற ரோட்ல மட்டும் ஸ்னோ விழாதா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

ரிங்க்கில் மேல் வரிசை மூலையில் ஸ்கவுட்டுகள் நிற்பார்கள். கறுப்புக் கோட்டு, கையில் காபி, சாவு வீட்டு முகம். நடுவில் குரங்குக் குல்லாவோடு அக்கா. அவர் வந்ததும் நல்ல இடத்தை விட்டுக்கொடுத்து எல்லோரும் விலகி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களில் தாடிக்காரக் கனடாக்காரர் ஒருவர், ஒரு காலத்தில் ஆட்டக்காரர். முன்பற்களை எல்லாம் ஆட்டத்துக்கே கொடுத்துவிட்டவர். அக்கா கொடுக்கும் முறுக்கைக் காபியில் ஊறவைத்துச் சாப்பிடுவார். முறுக்கு ஊறும் நேரத்தில் மெதுவாகக் கேட்பார்: "அந்த ஒன்பதாம் நம்பர் எப்படி?" அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு முறுக்கைக் கொடுப்பார். பதில் மட்டும் வராது.

கோல் விழும்போது அரங்கமே எழுந்து நின்று கத்தும். அக்காவின் கண் மட்டும் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் மேல் இருக்கும். வட்டு எங்கே போகிறது என்று அவர் பார்த்து நான் கண்டதே இல்லை.

"என்னக்கா, கோலை விட்டுட்டீங்களே!"

"கோல் போட்டவன ஊரே பாக்கும் தம்பி. போடாதவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு யாராவது ஒருத்தர் பாக்கணுமில்லா?"

ஆட்டம் முடிந்ததும் கிளம்பவும் விடமாட்டார். பார்க்கிங்கில் காருக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, யாருடைய பையை யார் சுமக்கிறார்கள் என்று பார்ப்பார். ஹாக்கிப் பை என்பது ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம் போல இருக்கும். அதை அம்மாவின் தோளில் ஏற்றிவிட்டுப் போன் நோண்டிக்கொண்டு வந்தான் ஒரு நட்சத்திர ஆட்டக்காரன். "போச்சு," என்றார் அக்கா. எனக்கே அந்தப் பையனை நினைத்துப் பாவமாகிவிட்டது.

நேர்காணலில் அவர் கேட்பது ஒரே கேள்வி. "இன்று காலை உன் அம்மா என்ன சாப்பிட்டார்?" தலைமைப் பண்பு பற்றி மேடைப் பேச்சே பேசிய ஒரு பையன் இந்தக் கேள்விக்குக் கூரையைப் பார்த்தான். இன்னொருவன், கடற்கரைப் பக்கத்து பிளம்பர் ஒருவரின் மகன், தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை, எனக்காக விடியற்காலையிலேயே வண்டி ஓட்டினார். என் சான்ட்விச்சில் பாதியை நீட்டினேன். வேண்டாம் என்றார். அதனால் மீதியை நானும் சாப்பிடவில்லை, பையில் இருக்கிறது" என்று எடுத்தே காட்டினான். அக்கா அவனை அனுப்பிவிட்டு, அவன் பெயருக்குக் கீழே இரண்டு தடவை கோடு போட்டார். அவனுடைய வேகத்தைப் பார்த்து மற்ற ஸ்கவுட்டுகள் அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் வருண் விவகாரம் வந்தது.

மான்மவுத் ஜங்ஷனில் குடியிருக்கும் சுந்தர் சாரின் மகன் வருண். நம் ஊர்ப் பையன்களில் டிராஃப்ட் வரை பேசப்பட்டவன் அவன் ஒருவன்தான். சுந்தர் சார் சென்னைக்காரர், தங்கமான மனிதர். மகனுடைய ஓர் ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்று தொண்டை கிழியக் கத்துவார். பொங்கல் விழாவில் மேடையேறி, "அடுத்த பொங்கலுக்கு என் பையன் ஜெர்சியோட இங்க நிப்பான்!" என்று சொல்ல, பள்ளி அரங்கமே கைதட்டியது. கீழே இறங்கியவர் நேரே அக்காவிடம் வந்தார். நான் பக்கத்தில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா டீம்ல கேப்பாங்களாமே. நம்ம பையன்... கொஞ்சம் ரெகமண்ட் பண்ணுங்க."

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சுற்றிவளைக்கவும் வராது.

"பையன் நல்லா ஆடுதான். ஆனா எடுக்க மாட்டாக. இப்ப எடுக்கவும் கூடாது."

சுந்தர் சார் முகம் வெளுத்தது. "ஏன்?"

"கோல் போட்ட ஒடனே ஒரு பய தன்கூட ஆடுதவனப் பாக்கணும். இவன் ஒங்களப் பாக்கான். ஒவ்வொரு தடவையும். சரியாப் போட்டேனான்னு கேக்க மாதிரி. பயந்துக்கிட்டு ஆடுதவன் பெரியவுகளோட ஆடுனா ஒடிஞ்சு போவான்."

அக்கா மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பாளையங்கோட்டையில் மெதுவாகச் சொன்னால் மூன்று வரிசைக்குக் கேட்கும். அன்று மாலைக்குள் எங்கள் வாட்ஸாப் குழு முழுவதும் தீப்பிடித்துக்கொண்டது. 'நம்ம ஆளுங்களுக்கு நம்ம ஆளுங்கதான் எதிரி' என்று ஒருவர். 'ஸ்கேட் போடத் தெரியாதவங்க ஸ்கவுட்டாம்' என்று இன்னொருவர். தமிழ்ப் புத்தாண்டு விருந்து, கல்யாண நாள், சீமந்தம், எதற்கும் அக்காவுக்கு அழைப்பு வரவில்லை.

அவர் வருத்தப்பட்டாரா என்று கேட்டால், பட்டார். ஆபீஸில் என் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "அந்தப் பய மூஞ்சிதான் தம்பி கண்ணுக்குள்ள நிக்கி. நான் சொன்னது அவன் காதுலயும் விழுந்திருச்சு" என்றார். மறுபடி தலை உள்ளே போய்விட்டது.

டிராஃப்ட்டுக்கு முன் அணியின் கூட்டம் வீடியோவில் நடந்தது. ஆமையை எடுக்க வேண்டும் என்று அக்கா ஒற்றை ஆளாக வாதாடினார். வேகம் போதாது என்றார்கள். "வேகத்தைக் கற்றுக்கொடுக்க உங்களிடம் ஆள் இருக்கிறது. அவனிடம் இருப்பதைக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவனை எடுக்காவிட்டால் அடுத்த வருடம் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று தன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கணினியை மூடிவிட்டார். அப்புறம் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்: "வேல போயிருக்குமோ தம்பி?"

டிராஃப்ட் சனிக்கிழமை பகலில், என் வீட்டு டிவியில் பார்த்தோம். சுற்று சுற்றாகப் பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. வருண் பெயர் வரவில்லை. கடைசிச் சுற்றில், எல்லோரும் நாற்காலியை மடக்கும் நேரத்தில், அக்காவின் அணி ஆமையின் பெயரைச் சொன்னது. நான் துள்ளிக் குதித்தேன். என் மனைவிகூடக் கைதட்டினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டிய எடு தம்பி. மான்மவுத் ஜங்ஷன் போணும்."

"அக்கா! அடிச்சிடுவாங்க!"

"அடிச்சா வாங்கிக்கிடுவோம். எடு."

சுந்தர் சார் வீட்டில் பலூன், பிரியாணி, ஐம்பது பேர். பிரியாணியை ஒருவரும் தொடவில்லை. நடுமேஜையில் பெரிய கேக். 'வாழ்த்துகள் வருண்' என்று எழுதி, எந்த அணி என்று தெரியாததால் கீழே பாதி இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

"சந்தோஷமா மேடம்? பாக்க வந்தீங்களா?" என்றார் சுந்தர் சார்.

அக்கா நேரே மாடிப்படியில் உட்கார்ந்திருந்த வருணிடம் போனார். அவன் நிமிர்ந்து, "யூ வர் ரைட், ஆன்ட்டி," என்றான்.

"ரைட்டா இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்லலே," என்றார் அக்கா. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி: "கனடா எல்லைக்கிட்ட ஒரு காலேஜ். நல்ல டீமு. கோச்ச எனக்குத் தெரியும். போன மாசமே இவனப் பத்திப் பேசிட்டேன். செவ்வாக்கெழம இவன் ஆட்டத்தப் பாக்க வாராரு. என் வேலய வச்சுச் சொல்லிருக்கேன், இவன எடுத்தா நட்டமில்லன்னு."

சுந்தர் சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "கனடா பார்டரா? டிரைவ் பண்ணா ஏழு மணி நேரம் ஆகுமே மேடம்! நான் எப்படி மேட்ச்சுக்குப் போறது?"

"அதப் பாத்துத்தான் சொன்னேன்," என்றார் அக்கா.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வருணாகத்தான் இருக்கவேண்டும். பிறகு அவன் அம்மா. கடைசியில் சுந்தர் சார் சிரித்தாரா அழுதாரா என்று பிரிக்க முடியாதபடி ஒரு சத்தம் வந்தது. கேக்கை வெட்டி முதல் துண்டை அக்காவிடம் கொடுத்தார்கள்.

வருண் அந்தக் காலேஜுக்குப் போனான். இரண்டாம் வருடம் ஒரு நாள் சுந்தர் சார் எனக்குப் போன் செய்தார். லேப்டாப்பில் மகன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "கோல் போட்டான் சார்! போட்டுட்டு நேரா கூட்டாளிங்க மேல போய் விழுந்தான் சார்! கேமரா பக்கம்கூடத் திரும்பல!" ஆமை இன்னும் பெரிய அணிக்கு ஏறவில்லை. கீழ்மட்ட அணியில் ஆடிக்கொண்டிருக்கிறான். கேட்டால் அக்கா, "வருவான். மெதுவா வருவான், ஆமைல்லா?" என்கிறார்.

அணி அவரை முழுநேர வேலைக்கு எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்கு அனுப்பிவிட்டது. இப்போது கலிபோர்னியாவில் பிளசன்டனில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு ரிங்க்கிலிருந்து என்னைக் கூப்பிட்டு, முகம் தெரியாத ஒரு பையனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவார். ஹாக்கி எனக்கு இன்னும் ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் அவர் போனை வைத்துவிடக்கூடாதே என்று, "அப்புறம் என்னக்கா செஞ்சான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.